மேளத்தில் எழுதிய கணக்கு

ஓவியர் எங்கள் நாலு பேருக்கும் தரவேண்டியது ஏழாயிரத்து முன்னூற்று இருபத்தைந்து. அதில் முன்னூறு என் மச்சினனின் மீசைக்கு.

மீசைக்கு எப்படி விலை வந்தது என்று சொல்லிவிட்டால் மீதி தானாகப் புரிந்துவிடும்.

நான் கட்டட வேலைக்குச் சாரம் கட்டுகிறவன். காலையில் பாலத்தடியில் போய் நிற்போம். ஆள் தேடி வருகிறவர்கள் வண்டியில் இருந்தபடியே, "நீ, நீ, அந்த ஆளு" என்று விரலால் பொறுக்கிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு வந்தவர் வண்டியை விட்டே இறங்கினார். எங்கள் கையையும் தோளையும் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து வேலைக்குக் கூப்பிட்ட ஆள் அவர் ஒருவர்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"என்ன தூக்கணும் சார்?" என்றேன்.

"ஒண்ணும் தூக்க வேண்டாம். உட்காரணும்."

"உட்கார்ந்து?"

"உட்கார்ந்தே இருக்கணும்."

படம் வரைகிறவராம். ஆட்டம் முடிந்து மேடைக்குப் பின்னால் நாடகக்காரர்கள் வேஷத்தைக் கலைக்காமல் உட்கார்ந்திருப்பது போல ஒரு பெரிய படம் போடப் போகிறாராம். ராஜா, ராணி, கோமாளி, மேளக்காரன், நாலு ஆள் வேண்டும்.

"நிஜ நடிகர்களையே கூப்பிடலாமே சார்?"

"அவங்க சும்மா உட்கார்ந்தாலும் நடிப்பாங்க. எனக்கு நடிக்கத் தெரியாத மூஞ்சி வேணும்."

"அதுக்கு எங்ககிட்ட பஞ்சமே இல்ல" என்றான் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடு என்று இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். நடிகர்கள் மூன்று பங்கு கூலியை முன்பணமாகக் கேட்டார்கள், அதனால்தான் எங்களைத் தேடி வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆளுக்கு நாளுக்கு நானூறு. ஒத்துக்கொண்டேன். கொத்தனார், ஒட்டடை, என் மச்சினன் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆளைக் கூட்டிப் போகிறவன்தான் கூலிக்கு ஜவாப்தாரி. முதலாளி ஏமாற்றினால் கூட்டிப் போனவன் தன் மடியிலிருந்து கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பாலத்தடியில் அவன் பக்கத்தில் ஒருத்தனும் நிற்க மாட்டான்.

கொத்தனாருக்கு அட்டைக் கிரீடமும் சணல் தாடியும் வைத்து ராஜா ஆக்கினார் ஓவியர். ஒட்டடைதான் கோமாளி. என் மடியில் வாடகை மேளம் ஒன்றை வைத்தார். ராணிக்கு ஆள் பார்த்தபோது எங்களில் முகம் வழவழப்பாக இருந்தது மச்சினன் ஒருவனுக்குத்தான். மூக்குக்குக் கீழே மட்டும் காடு.

"அதை எடுத்துடலாமா?" என்றார் ஓவியர்.

மச்சினன் எழுந்து நின்றுவிட்டான். சனி, ஞாயிறில் அவன் ஒரு நகைக்கடை வாசலில் காவலுக்கு நிற்கிறவன். துப்பாக்கி கிடையாது, தடி கிடையாது. அந்த மீசைக்காகத்தான் வேலை கொடுத்திருந்தார்கள்.

"வளர்ற வரைக்கும் நஷ்டத்துக்கு முன்னூறு சேர்த்துத் தர்றேன்" என்றார் ஓவியர்.

மச்சினன் என்னைப் பார்த்தான். "மாமா, நீ சொல்லு."

"எடுத்துடுடா, மயிர்தானே" என்று சொன்னவன் நான். அந்த ஒரு சொல்லுக்கு மூன்று மாதம் வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

ஐந்து நாள் வேலை. செங்கல் சுமந்தால் உடம்பு வலிக்கும், ஆனால் எங்கே வலிக்கிறது என்று தெரியும். சும்மா உட்கார்ந்தால் வலி உடம்பு முழுக்கச் சுற்றி வந்து இடம் பார்க்கிறது. காது அரித்தால் சொறியக்கூடாது. கொட்டாவி வந்தால் விழுங்க வேண்டும். கொத்தனாருக்கு முதல் நாளே கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்தார். ஓவியர் துள்ளிக் குதித்தார். "அப்படியே இருங்க! படம் முடியிற வரைக்கும் பல்லைப் பிடுங்கிடாதீங்க!" பாவம், மனுஷன் மூன்று நாள் வலியோடு ராஜ்ஜியம் செய்தார். நாலாம் நாள் மத்தியானம் கிரீடத்தைக் கழற்றி ஒட்டடை தலையில் வைத்துவிட்டுப் பல் டாக்டரிடம் ஓடினார். நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கு இருட்டும் வரை விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்தோம்.

இதற்கெல்லாம் கணக்கு வேண்டுமே. எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தொரு வயதில். ஆனால் கூலிக் கணக்கை எழுத்தில் எழுதமாட்டேன். கொத்தனாரும் ஒட்டடையும் படிக்கமாட்டார்கள். படிக்க முடியாத கணக்கில் சந்தேகம் வரும். அதனால் எங்கள் வழக்கப்படி கரித்துண்டால் கோடு. ஆளுக்கு ஒரு வரிசை. காலையில் வேலை தொடங்கும்போதே ஒரு நாளுக்கு ஒரு கோடு, அரை நாளானால் கோட்டைப் பாதியில் அழித்துக் குட்டையாக்குவோம். இருட்டிய பிறகும் வேலை என்றால் ஒரு வட்டம், அதற்கு எழுபத்தைந்து. முன்பணம் ஐந்நூறு வாங்கினால் ஒரு பெருக்கல் குறி. பணம் பட்டுவாடா ஆனதும் எல்லாக் கோட்டின் மேலும் நீளமாக ஒரு குறுக்குக் கோடு. குறுக்குக் கோடு விழாத வரை அது பாக்கி.

வழக்கமாக வேலை நடக்கும் வீட்டின் சுவரிலேயே எழுதுவோம். எந்தப் புது வீட்டுச் சுவரை வேண்டுமானாலும் சுரண்டிப் பாருங்கள், வெள்ளைக்கு அடியில் எங்கள் கணக்கு இருக்கும். ஓவியர் தன் சுவரில் கை வைக்கக்கூடாது என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே என் மடியில் இருந்த மேளத்தின் தோலில் எழுதினேன். மீசைக்கு எங்கள் வழக்கத்தில் குறி எதுவும் இல்லை. மச்சினனின் வரிசைக் கடைசியில் ஒரு சுழி போட்டு இரண்டு முனையையும் முறுக்கி விட்டேன்.

ஓவியரிடம் ஒரு குணம். கண்ணில் பட்டதை அப்படியே தீட்டுவார். கிரீடத்தில் ஈ உட்கார்ந்தால் ஈயைத் தீட்டிவிட்டுத்தான் விரட்டுவார். முதலில் முகங்களை முடித்தார், பிறகு துணிமணி. ஐந்தாம் நாள் சாயங்காலம் மேளத்துக்கு வந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "இந்த அழுக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்றார். முடியாத படத்தை யாரும் பார்க்கக்கூடாது என்று எங்களைக் கிட்ட விடவில்லை.

கூலி கேட்டேன்.

"படம் வித்ததும் மொத்தமா தர்றேன்."

"சார், வீடு வித்ததும் கூலின்னா ஒரு செங்கல் எழும்புமா?"

சிரித்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் சிரித்தார். அதற்கப்புறம் கிணற்றில் போட்ட கல். போனால் ஆள் இல்லை. இருந்தால் கதவு திறக்காது. திறந்தால் அடுத்த வாரம். மேளம் வாடகைக்காரனிடம் போய், அவன் நன்றாகத் துடைத்து வைத்துவிட்டான். கணக்கும் போயிற்று.

மச்சினனை நகைக்கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொழுமொழு என்று நின்றவனை முதலாளிக்கே அடையாளம் தெரியவில்லையாம். அவன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, மேல் உதட்டைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அக்கா, உன் புருஷன் பேச்சைக் கேட்டேன் பாரு."

 என் மனைவி தட்டை வைக்கிற சத்தத்தில் எல்லாம் இருந்தது. இரண்டாவது நாள், "ஏங்க, கீழே விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலம்பாங்க. என் தம்பிக்கு மண் ஒட்டக்கூட எடம் இல்லாம பண்ணிட்டீங்களே" என்றாள்.

கொத்தனாரும் ஒட்டடையும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதுதான் பயமாக இருந்தது. "இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்" என்றார் கொத்தனார். "அப்புறம் உன் பாடு." என் மடியில் இருந்தது நானூற்றுச் சொச்சம். மாசம் முடிய நாலு நாள் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒட்டடை ஒரு சேதி கொண்டுவந்தான். பெரிய சாலையில் ஒரு மண்டபத்துக்கு வெளியே தன் முகத்தைப் பார்த்தானாம், தட்டி போட்டு, ஆள் உயரத்துக்கு.

"நான் அழகா இருக்கேன்ப்பா" என்றான். "ஆனா நம்ம காசு உள்ளே இருக்கு."

நாலு பேரும் வேலை முடிந்து அப்படியே போனோம், சிமென்ட்டும் தூசியுமாக. வாசலில் இருந்த காவல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "சாமான் இறக்கறவங்க பின்பக்கம்" என்றார். பின்பக்கமாகவே போனோம். அந்த வழி நேராக எங்கள் படத்துக்கு எதிரில் கொண்டுவந்து விட்டது.

ஒரு சுவர் முழுக்க நாங்கள். அட்டைக் கிரீடம் தங்கமாக இருந்தது. நான் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, மடியிலிருந்த மேளத்தை. நாலு வரிசை. இருபது கோடு, அதில் ஒன்று குட்டை. மூன்று வட்டம், இரண்டு பெருக்கல் குறி, கடைசியில் முறுக்கிய சுழி. ஒன்று கூட விடவில்லை. மேளத்துக்கு நேர் கீழே, படத்தின் ஓரத்தில், ஓவியரின் கையெழுத்து.

பக்கத்தில் ஒரு அட்டை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஆட்டம் முடிந்த நேரம்' என்று தலைப்பு. அதன் கீழே ஒரு விலை. சைபர்களை இரண்டு முறை எண்ணினேன். அந்த விலைக்கு நாங்கள் எல்லோரும் சாகும் வரை உட்கார்ந்திருக்கலாம்.

அப்போது ஒரு கூட்டம் வந்தது. நடுவில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா. லாரி கம்பெனி முதலாளியாம், படம் வாங்க வந்திருந்தார். பின்னால் புதுச் சட்டையில் எங்கள் ஓவியர். முன்னால் நீளக் குச்சியோடு ஒருவர், படங்களுக்கு அர்த்தம் சொல்லுகிறவர். பெரிய படிப்பாளி. அவர் பெயர் தெரியாததால் நாங்கள் விளக்கக்காரர் என்றே வைத்துக்கொண்டோம். நாங்கள் தூணோரம் ஒதுங்கினோம்.

குச்சி கொத்தனாரின் கன்னத்துக்குப் போனது.

"அரசனைப் பாருங்கள். உலகையே வென்றவன். ஆனால் கன்னத்தில் கை. அதிகாரத்தின் உச்சியில் ஏற்படும் வெறுமை அது."

"கடைவாய்ப் பல்லு" என்று கொத்தனார் என் காதில் சொன்னார்.

"அரசி கையால் தன் வாயை மூடியிருக்கிறாள். யுகயுகமாகப் பேச அனுமதிக்கப்படாத பெண்மையின் மௌனம்."

மச்சினன் அப்போதும் கையால் உதட்டை மூடிக்கொண்டுதான் நின்றான். பாதி வளர்ந்த மீசை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"கோமாளி படச்சட்டத்துக்கு வெளியே, நாம் காண முடியாத எதையோ தேடுகிறான்."

"வெளியே சைக்கிளைப் பூட்டாம விட்டிருந்தேன்" என்றான் ஒட்டடை. எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது.

பிறகு குச்சி என் முகத்துக்கு வந்தது.  விளக்கக்காரரின் குரல் இறங்கிவிட்டது. "இந்த மேளக்காரன்... யாரோ தன்னை ஏமாற்றப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான்."

என் சிரிப்பு நின்றுபோனது. படித்தவர்கள் சொல்வது எல்லாமே வெட்டி என்று நினைத்திருந்தேன். ஆனால் ஏமாறப் போகிறோம் என்ற நினைப்போடுதான் ஐந்து நாளும் உட்கார்ந்திருந்தேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லாதது இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? அந்த ஒன்றோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனால் இந்தப் படத்தின் உயிர் இங்கே இருக்கிறது" என்று குச்சியை மேளத்தில் வைத்தார். "இந்தக் கோடுகள் வாழ்க்கைச் சிறையில் கழியும் நாட்கள். குட்டைக் கோடு ஒரு குழந்தையின் மரணம். வட்டம் சூன்யம். பெருக்கல் குறி, விதி நம்மை அடித்துப் போடுவது. கடைசியில் இருக்கும் இந்தச் சுழி..." கண்ணை மூடிக்கொண்டார். "இதற்கு மட்டும் நான் மூன்று இரவு தூங்கவில்லை. பிரபஞ்சம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி."

"அது என் மீசை" என்றான் மச்சினன்.

கூட்டம் மொத்தமும் திரும்பியது. ஓவியரின் முகம் சுண்ணாம்பு ஆனது.

இனி ஒதுங்கி நின்று பயனில்லை. முன்னால் போனேன். "ஐயா, மன்னிக்கணும். குழந்தை எதுவும் சாகல. குட்டைக் கோடு கொத்தனார் அரை நாள் பல்லு பிடுங்கப் போனது. வட்டம், நாங்க மூணு பேர் இருட்டின பிறகும் உட்கார்ந்தது. பெருக்கல், ஐந்நூறு ஐந்நூறா ரெண்டு தடவை முன்பணம் வாங்கினது. அது கூலிக் கணக்கு. எழுதினது நான்."

"யார் இவங்க?" என்றார் ஓவியர். "மேடம், இந்தப் படம் முழுக்க என் கற்பனை."

 கொத்தனாரைப் பார்த்தேன். அவர் கன்னத்தில் கை வைத்தார். மச்சினனின் கை ஏற்கனவே உதட்டில் இருந்தது. ஒட்டடை வாசல் பக்கம் பார்த்தான், நிஜமாகவே சைக்கிளைத்தான். நான் தரையில் உட்கார்ந்தேன். ஐந்து நாள் பழக்கம், ஒரு இம்மி பிசகவில்லை. யாரோ ஒரு பெண் பிள்ளை கை தட்டியது.

லாரி கம்பெனி அம்மா படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "கற்பனைக்கு வியர்வை நாத்தம் அடிக்குமா?" என்று ஓவியரைக் கேட்டார்.

"சரி, இவங்கதான் உட்கார்ந்தாங்க. ஆனா பணம் அப்பவே கொடுத்தாச்சு."

"கொடுத்திருந்தா குறுக்குக் கோடு எங்கே சார்?" என்றேன். எங்கள் வழக்கத்தை அந்த அம்மாவுக்கு விளக்கினேன். பாதி சொல்லும்போதே தலையாட்டினார். அவருடைய லாரிகளில் சுமை ஏற்றுகிறவர்களும் பக்கப்பலகையில் அப்படித்தான் கோடு போடுவார்களாம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேளத்துக்குக் கிட்டே போனார். வாயால் எண்ணினார். "பத்தொன்பதரை நாள்... ஏழாயிரத்து எண்ணூறு... வட்டம் இருநூத்தி இருபத்தஞ்சு... முன்பணம் ஆயிரம் போக... மீசைக்கு எவ்வளவு?"

"முன்னூறும்மா" என்றான் மச்சினன்.

"ஏழாயிரத்து முன்னூத்தி இருபத்தஞ்சு." கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷமா தொழில் பண்றேன். கடன் பத்திரத்தை இவ்வளவு பெரிசா எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, சட்டம் போட்டு மாட்டி வெச்ச ஆளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

விளக்கக்காரர் விடவில்லை. "மேடம், எழுதியவன் என்ன நினைத்தான் என்பது முக்கியமில்லை. பார்க்கிறவன் மனதில் எழுவதுதான் அர்த்தம்."

"எழுந்துச்சு" என்றார் அந்த அம்மா. "பாக்கி இருக்கிற சொத்தை நான் வாங்கறதில்ல. நாளைக்கு இவங்க என் வீட்டுக் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தா?"

"உட்காருவோம்மா" என்றார் கொத்தனார் பணிவாக. "எங்களுக்கு நல்லாப் பழகிடுச்சு."

ஓவியர் சட்டைப் பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். எல்லாம் சேர்த்து ஐயாயிரம் தேறியது. மீதியை மண்டபத்து ஆளிடம் கடன் கேட்டார், அவர் கையை விரித்தார். ஓவியர் கடைசியில் விளக்கக்காரர் பக்கம் திரும்பினார். சிறை, சூன்யம், பிரபஞ்சம் என்று சரளமாக ஓடிய வாய், இரண்டாயிரத்து முன்னூற்று இருபத்தைந்து என்றதும் திக்கியது. ஆனால் படம் விற்றால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு போல. திரும்பி நின்று எண்ணி, மறுபடி எண்ணிக் கொடுத்தார். நான் வாங்கி எண்ணினேன். கொத்தனார் எண்ணினார். மச்சினன் தன் முன்னூறைத் தனியாக வாங்கி மேல் சட்டைப் பையில் வைத்தான், மீசைக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே.

"சரியா இருக்கா?" என்றார் ஓவியர். "போகலாம்ல?"

"குறுக்குக் கோடு சார்" என்றேன், பையிலிருந்து கரித்துண்டை எடுத்தபடி.

ஓவியர் ஓடி வந்து படத்துக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். அந்த அம்மா சுவரோரம் இருந்த நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்தார். "கோடு விழட்டும். அப்புறம்தான் செக்."

ஓவியரின் பெட்டியிலிருந்து தூரிகையும் கறுப்பு வர்ணமும் வந்தன.  இடது ஓரத்தில் வைத்து இழுக்க ஆரம்பித்தார். 

"வலது பக்கம் இறங்குது சார்" என்றார் கொத்தனார். இருபத்தெட்டு வருஷம் சுவர் எழுப்பின கண். "ரசமட்டம் வெச்சுப் பாருங்க, ஒரு நூல் இறங்குது."

ஓவியர் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்த்தினார். சுழிக்கு முன்னால் தூரிகையை எடுத்துவிட்டார்.

"மீசையையும் சேர்த்துக்குங்க சார்" என்றான் மச்சினன். "அதுவும் வந்துடுச்சு. பொய் கணக்கு நமக்கு வேண்டாம்."

தூரிகை சுழியைக் கடந்து முடிந்தது. அவர் பக்கம் எங்களுக்கு இனிப் பாக்கி ஒன்றும் இல்லை. நாங்கள் பின்பக்க வழிக்குத் திரும்பினோம். ஒட்டடைதான் முதலில் ஓடினான், சைக்கிளுக்கு.

பின்னால் விளக்கக்காரரின் குரல் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி தொடங்கிவிட்டார். "இப்போது பாருங்கள் மேடம். இந்தக் கிடைக்கோடு, தொடுவானம். இருளைக் கடந்து தெரியும் நம்பிக்கை..."

ஓவியருக்குக் கொடுத்த இரண்டாயிரத்து முன்னூற்று இருபத்தைந்தை விளக்கக்காரர் எந்த மேளத்தில் எழுதி வைத்தாரோ, எனக்குத் தெரியாது. எங்கள் கணக்கு தீர்ந்துவிட்டது.